அடுக்குகளும் அறிவியல் குறியீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழாம் வகுப்பில் அடுக்குகள் அறிமுகமாகி, ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் குறியீடு சேர்ந்து, பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் அதையே நம்பி ஓடத் தொடங்கும்போது, நிறையப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் கணக்கு கைநழுவிப் போகிறது. விதிகளை மனப்பாடம் செய்து வைத்தவர்கள் ஒரு விதி மறந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். அதனால் இங்கே விதியைவிட அது எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மாணவர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோரும், போட்டித் தேர்வுக்காகப் பல வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இலங்கையில் படிப்பவர்கள் அடுக்கு என்று வரும் இடத்தில் சுட்டி என்றும், அறிவியல் குறியீடு என்று வரும் இடத்தில் விஞ்ஞானமுறைக் குறிப்பீடு என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

அடுக்கு என்றால் என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரே எண்ணை எத்தனை தடவை எழுதிப் பெருக்குகிறோம் என்ற எண்ணிக்கைதான் அடுக்கு. 2⁵ என்றால் 2 × 2 × 2 × 2 × 2, விடை 32. கீழே இருக்கும் 2 அடிமானம், மேலே சிறியதாக இருக்கும் 5 அடுக்கு. வகுப்பில் பெரும்பாலும் "டூ பவர் ஃபைவ்" என்றுதான் சொல்வார்கள், அதில் தவறில்லை. தவறு எங்கே வருகிறது என்றால், அவசரத்தில் 2⁵ என்பதை 2 × 5 என்று படித்து 10 என்று எழுதும்போது. மேலே இருக்கும் எண் பெருக்கலில் கலந்துகொள்வதே இல்லை. எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்கு. இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது?

நினைவில் வைக்கவே வேண்டாம், விரித்து எழுதிப் பாருங்கள். 3⁴ × 3² என்பது (3 × 3 × 3 × 3) × (3 × 3). எத்தனை 3 இருக்கிறது? ஆறு. ஆக 3⁶. கூட்டல் விதி அவ்வளவுதான், நான்கையும் இரண்டையும் சேர்த்து எண்ணினோம். 3⁴ ÷ 3² என்று வந்தால் மேலே நான்கு 3, கீழே இரண்டு 3, இரண்டிரண்டாக அடித்துவிட்டால் மேலே இரண்டு மீதம், ஆக 3². (3²)⁴ என்றால் 3² என்ற ஜோடியை நான்கு தடவை எழுதுகிறோம், நான்கு ஜோடி சேர்ந்தால் எட்டு, ஆக 3⁸. இதை நான்கைந்து தடவை கையால் எழுதிவிட்டால் விதி தானாகவே மனதில் தங்கிவிடும், தேர்வு அறையில் மறந்தாலும் அரை நிமிடத்தில் திரும்ப வரவழைத்துவிடலாம்.

கூட்டவா பெருக்கவா என்று சந்தேகம் வந்தால் சிறிய எண்ணை வைத்துச் சோதிக்கலாம். 2² × 2³ என்பது 4 × 8 = 32, அதாவது 2⁵. அடுக்குகளைப் பெருக்கியிருந்தால் 2⁶ = 64 வந்திருக்கும், அது தவறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: 2² × 2² என்று எடுத்துச் சோதிக்காதீர்கள். இரண்டும் இரண்டும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு, அதனால் தவறான விதியும் சரி என்று காட்டிவிடும். இந்த ஒரு உதாரணத்தைப் பார்த்துவிட்டு அடுக்குகளைப் பெருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர்.

அடிமானம் வேறு வேறாக இருந்தால்?

அடுக்கு ஒன்றாக இருந்தால் அடிமானங்களைப் பெருக்கலாம்: 2³ × 5³ = 10³ = 1000. விரித்து எழுதினால் மூன்று 2, மூன்று 5, ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் மூன்று 10. அடிமானமும் வேறு, அடுக்கும் வேறு என்றால், உதாரணமாக 2³ × 3², சுருக்க வழியில்லை. 8 × 9 = 72 என்று பெருக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கூட்டலுக்கு விதி என்ன?

கிடையாது. விரித்து எழுதினால் நடுவில் கூட்டல் குறி வந்து நிற்கும், அதனால் ஒரே வரிசையாக எண்ண முடியாது. 2³ + 2⁴ என்பது 8 + 16 = 24. இதை 2⁷ என்று எழுதினால் 128 ஆகிவிடும். அதேபோல (3 + 4)² என்பது 7² = 49, ஆனால் 3² + 4² வெறும் 25. பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் போகும் மதிப்பெண்களில் ஒரு நல்ல பங்கு இந்த ஓரிடத்தில்தான் போகிறது, அதனால் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

2³ + 2³ = 2⁴ என்பது சரி. அதற்குக் காரணம் 2³ இரண்டு தடவை இருக்கிறது, அதாவது 2 × 2³, இங்கே பெருக்கல் உள்ளே வந்துவிட்டது. 3³ + 3³ என்று போட்டால் 3⁴ வராது. மூன்று தடவை 3³ இருந்தால்தான் 3⁴.

எந்த எண்ணுக்கும் அடுக்கு 0 என்றால் 1 எப்படி வரும்? பெருக்க ஒன்றுமே இல்லையே, 0 தானே வர வேண்டும்?

நியாயமான சந்தேகம். "அது அப்படித்தான், எழுதிக்கொள்" என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. 10³ = 1000, 10² = 100, 10¹ = 10 என்று வரிசையாக எழுதுங்கள். அடுக்கு ஒன்று குறையும்போதெல்லாம் விடை பத்தால் வகுபடுகிறது. அடுத்த படி 10⁰. 10-ஐப் பத்தால் வகுத்தால் 1. வேறு எந்த விடை கொடுத்தாலும் வரிசை உடைந்துவிடும்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 5³ ÷ 5³ எவ்வளவு? ஒரே எண்ணை அதே எண்ணால் வகுக்கிறோம், 1. அடுக்கு விதிப்படி 3 − 3 = 0, ஆக 5⁰. இரண்டும் ஒரே கணக்கு, ஆக 5⁰ = 1. பெருக்கல் எப்போதும் 1-இல் இருந்துதான் புறப்படுகிறது. 5³ என்பதை 1 × 5 × 5 × 5 என்று எழுதிப் பழகிவிட்டால், மூன்று 5-ஐயும் எடுத்த பிறகு அந்த 1 மட்டும் நிற்பது கண்ணுக்கே தெரியும்.

0⁰ மட்டும் தனி. மேலே சொன்ன வகுத்தல் வழியில் போனால் 0 ÷ 0 என்று வந்துவிடும், அதற்கு அர்த்தம் கிடையாது. அதனால்தான் பள்ளிப் புத்தகங்களில் "அடிமானம் பூச்சியம் அல்லாத எண்" என்று நிபந்தனை போடுகிறார்கள். உயர்கணிதத்தில், முக்கியமாக எண்ணிக்கைக் கணக்குகளில், வசதிக்காக 0⁰ = 1 என்று எடுத்துக்கொள்வது உண்டு.

மைனஸ் அடுக்கு என்றால் விடையும் மைனஸ்தானே?

இல்லை. அந்த வரிசையையே இன்னும் கீழே கொண்டுபோங்கள். 10⁰ = 1, அடுத்து 10⁻¹ என்பது 1-ஐப் பத்தால் வகுத்தது, 0.1. 10⁻² = 0.01. 10⁻³ = 0.001. எண் சிறிதாகிக்கொண்டே போகிறதே தவிர 0-க்குக் கீழே ஒருபோதும் இறங்குவதில்லை. அடுக்கில் இருக்கும் மைனஸ் "இத்தனை தடவை வகு" என்று சொல்கிறது, அவ்வளவுதான். 2⁻³ = 1/8. பின்னமாக இருந்தால் தலைகீழாக்கிவிட்டு அடுக்கை ப்ளஸ் ஆக்கலாம், (2/3)⁻² என்பது (3/2)² = 9/4.

−3² என்பது 9-ஆ, −9-ஆ?

−9. அடுக்கு தனக்கு நேர் கீழே இருக்கும் 3-ஐ மட்டும்தான் பிடிக்கும், மைனஸ் வெளியே நிற்கிறது. மைனஸையும் சேர்த்துப் பெருக்க வேண்டும் என்றால் அடைப்புக்குறி போட்டு (−3)² என்று எழுத வேண்டும், அப்போது 9. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், எக்செலில் சமக்குறி போட்டு −3-இன் அடுக்கு 2 என்று அடித்தால் அது 9 காட்டும், ஏனென்றால் அந்த மென்பொருள் மைனஸை முதலில் எடுத்துக்கொள்கிறது. பைத்தான் மொழியில் அதையே அடித்தால் −9 வரும். ஆகவே கணினியிலும் சரி, தாளிலும் சரி, அடைப்புக்குறி போடத் தயங்காதீர்கள்.

அடுக்கில் பின்னம் வருகிறதே, அரை தடவை எப்படிப் பெருக்குவது?

"எத்தனை தடவை" என்ற விளக்கம் இங்கே நின்றுவிடுகிறது, ஆனால் விதி நிற்காமல் ஓடுகிறது. 9-க்கு அடுக்கு அரை என்று ஒரு எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் அரையும் அரையும் சேர்ந்து அடுக்கு 1, ஆக 9¹ = 9. தன்னைத் தானே பெருக்கி 9 தரும் மிகை எண் 3. அடுக்கு அரை என்பது வர்க்கமூலம், அடுக்கு மூன்றில் ஒன்று என்பது கனமூலம்.

இது புத்தகத்துக்குள் மட்டும் இருக்கும் விஷயமில்லை. நிலநடுக்க அளவில் 1 கூடினால் வெளிப்படும் ஆற்றல் 10-இன் அடுக்கு 1.5 மடங்கு, அதாவது ஏறத்தாழ 32 மடங்கு ஆகிறது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் புஜ் பகுதியைக் குலைத்த நிலநடுக்கம் 7.7. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா அருகே ஏற்பட்டு, நாகப்பட்டினம் முதல் முல்லைத்தீவு வரை நம் கரைகளைச் சுனாமியாக வந்து அடித்தது 9.1. வித்தியாசம் 1.4 தானே என்று தோன்றும். 1.4 × 1.5 = 2.1, ஆக ஆற்றலில் வித்தியாசம் 10-இன் அடுக்கு 2.1, கிட்டத்தட்ட 126 மடங்கு. செய்தியில் 7.7, 9.1 என்று கேட்கும்போது அவை அடுக்குகள் என்ற நினைப்பு இல்லாவிட்டால் அந்தச் செய்தியின் கனமே நமக்கு வந்து சேராது.

சரி, அறிவியல் குறியீடு எதற்கு? எண்ணை முழுசாக எழுதினால் என்ன?

எழுதலாம், ஆனால் சரியாக எழுத முடியாது. எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமில் முழுசாக எழுத வேண்டும் என்றால் தசமப் புள்ளிக்குப் பிறகு 30 பூச்சியம் போட்டு, அப்புறம் 9109 என்று எழுத வேண்டும். எழுதுபவர் ஒரு பூச்சியத்தை விட்டாலும் படிப்பவருக்குத் தெரியாது. 9.109 × 10⁻³¹ என்று எழுதினால் விடுபட ஒன்றுமில்லை. பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோகிராம், சூரியனுடையது 1.99 × 10³⁰. இரண்டையும் பார்த்ததும் சூரியன் லட்சக்கணக்கான மடங்கு கனம் என்று சொல்லிவிடலாம், பூச்சியங்களை விரல் வைத்து எண்ண வேண்டியதில்லை.

எப்படி மாற்றுவது? புள்ளியை இடதுபக்கம் நகர்த்தினால் ப்ளஸா மைனஸா என்று எப்போதும் குழம்புகிறது.

இடது வலதை மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். முன்னால் நிற்கும் எண் 1-இல் இருந்து 10-க்குள் இருக்க வேண்டும் (10 கூடாது), அதற்கேற்பப் புள்ளியை வையுங்கள், எத்தனை இடம் நகர்ந்தது என்று எண்ணுங்கள். பிறகு கேட்க வேண்டிய ஒரே கேள்வி: முதலில் கொடுத்தது பெரிய எண்ணா, 1-க்கும் குறைவான எண்ணா? பெரியது என்றால் ப்ளஸ், 1-க்குக் குறைவு என்றால் மைனஸ்.

சூரியனுக்கும் பூமிக்கும் சராசரித் தொலைவு 14,95,97,871 கிலோமீட்டர். 1-க்குப் பின்னால் புள்ளி வைத்தால் எட்டு இடம் நகர்கிறது, ஆக 1.496 × 10⁸. நம் ரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவு சுமார் 0.0000075 மீட்டர். 7-க்குப் பின்னால் புள்ளி வைத்தால் ஆறு இடம், ஆக 7.5 × 10⁻⁶.

பூச்சியத்தை எண்ணி அடுக்கு போடும் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். 4,05,000-இல் கடைசியில் மூன்று பூச்சியம்தான், ஆனால் அது 4.05 × 10⁵. 0.00052-இல் புள்ளிக்குப் பின்னால் மூன்று பூச்சியம், ஆனால் 5.2 × 10⁻⁴. எண்ண வேண்டியது புள்ளி தாண்டிய இடங்களை.

லட்சம், கோடிக்கு அடுக்கு என்ன? மில்லியன், பில்லியனோடு எப்படிப் பொருத்துவது?

லட்சம் 10⁵, கோடி 10⁷. மில்லியன் 10⁶, பில்லியன் 10⁹, டிரில்லியன் 10¹². அடுக்கு தெரிந்தால் மாற்றுவது வெறும் கழித்தல்: ஒரு பில்லியனில் எத்தனை கோடி? 9 − 7 = 2, ஆக 10², நூறு கோடி. மில்லியனில் எத்தனை லட்சம்? 6 − 5 = 1, பத்து லட்சம். பட்ஜெட் செய்திகளில் வரும் "லட்சம் கோடி" என்பது 10⁵ × 10⁷ = 10¹², அதாவது ஒரு டிரில்லியன்.

உண்மையில் நாம் இந்தக் குறியீட்டில்தான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, 7.21 கோடி என்கிறோம். கோடி இருக்கும் இடத்தில் 10⁷ போட்டால் 7.21 × 10⁷, அறிவியல் குறியீடு ஆகிவிட்டது. அறிவியல் குறியீட்டைப் பார்த்துப் பயப்படும் பிள்ளையிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பேன்.

பெருக்கல், வகுத்தல் எப்படி? நிஜமான கணக்கு ஒன்று போட்டுக் காட்ட முடியுமா?

முன்னால் உள்ள எண்களைத் தனியாக, 10-இன் அடுக்குகளைத் தனியாகச் செய்து, கடைசியில் சேர்க்க வேண்டும். ஆதித்யா எல்1 விண்கலத்தை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 2-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-இல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சூரியனுக்கே போகிறது என்று அப்போது பலர் நினைத்தார்கள். அது நிற்கும் இடம் பூமியில் இருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர், அதாவது 1.5 × 10⁶. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர், 1.5 × 10⁸. வகுத்தால் முன்னால் 1.5 ÷ 1.5 = 1, அடுக்கில் 6 − 8 = −2. விடை 10⁻², நூறில் ஒரு பங்கு. சூரியனை நோக்கிய பாதையில் ஒரு சதவீத தூரத்தில்தான் அது நிற்கிறது.

அங்கிருந்து சிக்னல் வர எவ்வளவு நேரம்? ஒளியின் வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் மீட்டரில் இருப்பதால் தூரத்தையும் மீட்டருக்கு மாற்ற வேண்டும். கிலோ என்பது 10³, ஆக 1.5 × 10⁹ மீட்டர். 1.5 ÷ 3 = 0.5, அடுக்கு 9 − 8 = 1, ஆக 0.5 × 10¹ = 5 நொடி. சூரிய ஒளி நம்மிடம் வர: (1.5 × 10¹¹) ÷ (3 × 10⁸) = 0.5 × 10³. முன்னால் 0.5 நிற்கக் கூடாது, 5 × 10² என்று திருத்துகிறோம். 500 நொடி, 8 நிமிடம் 20 நொடி. பாடத்தில் "ஒளி வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்" என்று படித்தது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்கள் கையாலேயே போட்டுப் பார்த்தாயிற்று.

இனி எதிர்ப்பக்கம், ஒரு சொட்டுத் தண்ணீர். சொட்டு 0.05 கிராம், அதாவது 5 × 10⁻². 18 கிராம் தண்ணீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் இருக்கும், வேதியியலில் மோல் என்று படிப்பது இதைத்தான். 18-ஐ 1.8 × 10¹ என்று எழுதி வகுத்தால் 5 ÷ 1.8 = 2.78, அடுக்கு −2 − 1 = −3, ஆக 2.78 × 10⁻³ மோல். அதை 6.022 × 10²³-ஆல் பெருக்கினால் 16.7 × 10²⁰, திருத்தினால் 1.67 × 10²¹. அடைத்து மூடிய பிறகும் குழாய் நுனியில் தொங்குகிறதே, அந்த ஒரு சொட்டில் இத்தனை. கோடியில் சொன்னால் 21 − 7 = 14, ஆக 1.67 × 10¹⁴ கோடி.

கூட்டல், கழித்தல்?

அடுக்கை முதலில் ஒன்றாக்க வேண்டும். பூமியும் நிலாவும் சேர்ந்து எவ்வளவு நிறை? 5.97 × 10²⁴ + 7.35 × 10²². நிலாவை 10²⁴-க்குக் கொண்டுவந்தால் 0.0735 × 10²⁴. கூட்டினால் 6.04 × 10²⁴. முன்னால் இருக்கும் 5.97-ஐயும் 7.35-ஐயும் நேராகக் கூட்டினால் பூமியைவிடக் கனமான ஒரு நிலாவை உருவாக்கிவிடுவோம்.

இரண்டில் எது பெரியது என்று சட்டென்று எப்படிப் பார்ப்பது?

அடுக்கை முதலில் பாருங்கள். இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் கற்றுக்கொடுப்பேன். கண் எப்போதும் முன்னால் இருக்கும் பெரிய எழுத்து எண்ணுக்குத்தான் போகும், 9.8 × 10⁵ என்பது 1.1 × 10⁶-ஐவிடப் பெரியது போலத் தோன்றும், ஆனால் அடுக்கு 6 இருப்பதுதான் பெரியது. மைனஸில் −7 என்பது −8-ஐவிடப் பெரியது, ஆக 2 × 10⁻⁷ என்பது 9 × 10⁻⁸-ஐவிடப் பெரியது.

முன் எண்ணில் தவறினால் விடை கொஞ்சம் விலகும். அடுக்கில் ஒன்று தவறினால் விடை பத்து மடங்கு, மூன்று தவறினால் ஆயிரம் மடங்கு. தைராய்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 50 மைக்ரோகிராம் என்று இருக்கும். மைக்ரோ 10⁻⁶, மில்லி 10⁻³. அந்த 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம்தான். மைக்ரோ இருக்கும் இடத்தில் மில்லி என்று யாராவது எழுதிவிட்டால் அளவு ஆயிரம் மடங்கு ஆகிவிடும். எண் அதே 50, மாறியது அடுக்கு மட்டும்.

3 × 10⁸, 3.00 × 10⁸ இரண்டும் ஒன்றுதானே?

மதிப்பு ஒன்று, சொல்லும் செய்தி வேறு. 3.00 என்று எழுதினால் புள்ளிக்குப் பின் இரண்டு இடம் வரை அளந்து பார்த்து நிச்சயமாகச் சொல்கிறேன் என்று பொருள். ஒளியின் வேகம் துல்லியமாக நொடிக்கு 29,97,92,458 மீட்டர், அதை 3.00 × 10⁸ என்று சொல்வது சரி. 3.000 × 10⁸ என்றால் சரியில்லை, அது 2.998 × 10⁸. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காகப் பத்தையும் விடைத்தாளில் எழுதாதீர்கள். கணக்கில் கொடுத்த எண்களுக்கு எத்தனை இலக்கமோ, விடைக்கும் ஏறத்தாழ அத்தனை போதும்.

எக்செலில் ஆதார் எண் அடித்தால் 1.23457ஈ+11 என்று வருகிறது. எண் போய்விட்டதா?

போகவில்லை. நடுவில் இருக்கும் அந்த ஆங்கில எழுத்து ஈ "பெருக்கல் 10-இன் அடுக்கு" என்பதற்குப் பதில் நிற்கிறது, ஆக திரையில் தெரிவது 1.23457 × 10¹¹. ஆதாருக்கு 12 இலக்கம், எக்செல் வழக்கமாக 12 இலக்கம் வந்ததுமே இப்படிச் சுருக்கிக் காட்டத் தொடங்கிவிடும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண் என்று மாற்றினால் முழு எண்ணும் திரும்பத் தெரியும். ஆனால் சுருங்கித் தெரியும் நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் சேமிக்கப்படும், பின் இலக்கங்கள் நிஜமாகவே போய்விடும்.

16 இலக்க அட்டை எண் என்றால் அதைவிட மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் பிடித்து வைக்கும், பதினாறாவது இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 12ஈ5 மாதிரி நடுவில் அந்த ஆங்கில எழுத்து வரும் சரக்குக் குறியீட்டை அடித்தால் அதையும் 12 × 10⁵ என்று எடுத்துக்கொண்டு 12 லட்சமாக்கிவிடும். இவை எதுவுமே கூட்டிக் கழிக்க வேண்டிய எண்கள் இல்லை, அடையாளங்கள். அதனால் அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கால்குலேட்டரில் 10⁸ என்று போட்டால் விடை பத்து மடங்கு அதிகமாக வருகிறதே?

எக்ஸ்ப் என்று எழுதிய பொத்தானைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்தப் பொத்தானுக்குள்ளேயே "பெருக்கல் 10-இன் அடுக்கு" இருக்கிறது. 10, எக்ஸ்ப், 8 என்று அழுத்தினால் 10 × 10⁸ = 10⁹ ஆகிவிடும். 1, எக்ஸ்ப், 8 என்று அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானுக்கு இன்னொரு நன்மை, 3 × 10⁸ முழுவதையும் ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளும். பொத்தான் இல்லாமல் ÷ 3 × 10⁸ என்று தனித்தனியாக அடித்தால் 3-ஆல் வகுத்துவிட்டு 10⁸-ஆல் பெருக்கிவிடும்.

ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் கணினி 931 என்று காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை, இரண்டு பேர் இரண்டு அடிமானத்தில் எண்ணுகிறார்கள். விற்பவர் கணக்கில் ஒரு டெராபைட் 10¹² பைட். விண்டோஸ் ஒரு ஜிகாபைட்டை 2³⁰ பைட் என்று எடுக்கிறது, அது 1,07,37,41,824. 10¹²-ஐ அதனால் வகுத்தால் 931 சொச்சம். 2¹⁰ = 1024 என்பது 10³-க்கு வெகு அருகில் இருப்பதால் வந்த குழப்பம் இது; கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம், மேலே போகப் போக அது பெருகிக்கொண்டே போகிறது.

கிலோ, மெகா, ஜிகா, டெராவுக்கு மேலே என்ன?

பீட்டா 10¹⁵, எக்சா 10¹⁸, செட்டா 10²¹, யோட்டா 10²⁴. 2022 நவம்பரில் ரோனா 10²⁷, குவெட்டா 10³⁰ என்று இரண்டும், சிறிய பக்கத்தில் ரோன்டோ 10⁻²⁷, குவெக்டோ 10⁻³⁰ என்று இரண்டும் சேர்க்கப்பட்டன.

இப்படி எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தது யார்?

எண்ணை மேலே சிறியதாக எழுதும் இன்றைய வடிவம் 1637-இல் வெளியான, பிரெஞ்சுக் கணிதவியலாளர் தேக்கார்த்தின் வடிவியல் நூலில் இருந்து பரவியது. தேவை அதைவிட வெகு பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே ஆர்க்கிமிடீஸ், பிரபஞ்சம் முழுக்க மணலை நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும் என்று கணக்கிட்டார், இன்றைய குறியீட்டில் அவருடைய விடை 10⁶³-க்குள் அடங்கும். அன்றைய கிரேக்க எண்களில் அவ்வளவு பெரிய எண்ணை எழுத வழியே இல்லை, அதற்கென்று ஒரு முறையை அவரே உருவாக்க வேண்டியிருந்தது.

பயிற்சிக்கு ஒரு நல்ல கணக்கு சொல்லுங்கள்.

இதைப் படிகளாகப் பிரித்துப் போடுங்கள், மேலே சொன்ன எல்லாமே இதற்குள் வந்துவிடும். ஒரு வருடத்தில் எத்தனை நொடி? ஒளி ஒரு வருடத்தில் எத்தனை கிலோமீட்டர் போகும்? சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில், அதாவது நொடிக்கு 17 கிலோமீட்டரில், அங்கே போக எத்தனை வருடம் ஆகும்?

விடையைச் சரிபார்க்க: 365 × 24 × 3600 = 3.15 × 10⁷ நொடி. ஒளியின் வேகம் கிலோமீட்டரில் 3 × 10⁵, பெருக்கினால் 9.45 × 10¹² கிலோமீட்டர். அதை 4.24-ஆல் பெருக்கினால் சுமார் 4.0 × 10¹³ கிலோமீட்டர். 1.7 × 10¹-ஆல் வகுத்தால் 2.4 × 10¹² நொடி. மறுபடி 3.15 × 10⁷-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.5 × 10⁴, அதாவது 75,000 வருடம். நடுவில் எவ்வளவு தோராயப்படுத்தினீர்கள் என்பதைப் பொறுத்து முன் எண் 7.4, 7.6 என்று சற்று மாறலாம், அதில் கவலையில்லை. அடுக்கு 4 வராவிட்டால் எந்தப் படியில் கூட்டல் கழித்தல் தவறியது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.